உச்சிப் பொழுதில் வந்தவர்

கல்யாணமான இரண்டாம் வருஷம் நானும் கணவரும் எழுமலையிலிருந்து மதுரைக்குக் குடி வந்தோம். அவருக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்குக் கோரிப்பாளையத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை. சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக லேப்பை விடியக் காலையிலேயே திறந்துவிடுவார்கள். அதனால் இருட்டுப் பிரியும்போதே கிளம்பிவிடுவேன். அவர் எனக்குப் பின்னால் கிளம்புவார். சாயங்காலம் நான்தான் முதலில் திரும்புவேன்.

வீடு தேடி அலைந்தபோது எல்லா வாசலிலும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். நீங்க என்ன ஆளுக, கறி மீன் சமைப்பீங்களா, ஊர்லருந்து சொந்தபந்தம் வந்து தங்குமா. பதில் சொல்லிச் சொல்லி எங்களுக்கே எங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சிம்மக்கல் வீட்டுக்காரர் அப்படி எதையும் கேட்கவில்லை. அதனாலேயே அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது. எழுபதை நெருங்கும் வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரல் உயராது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ரெண்டு பேருமே வேலைக்குப் போறீங்களா தாயி?”

“ஆமாங்கய்யா.”

“அப்ப பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டீங்க.”

“இருக்க மாட்டோம்.”

“நல்லது” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். இன்னொரு சாவி இருக்கிறதா என்று கணவர் கேட்டார். அது எப்போதோ தொலைந்துவிட்டது என்றார். கையிலிருந்ததைக் காட்டிக் கடையில் இன்னொன்று செய்துகொண்டோம்.

மொத்தக் கடைத் தெருவிலிருந்து வைகைப் பக்கமாகப் பிரிகிற ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. பழைய வீடு ஒன்றை நடுநடுவே சுவர் வைத்துத் தடுத்துப் பல குடித்தனமாக ஆக்கியிருந்தார்கள். மதுரையில் இதை வளவு என்போம். கீழே முன்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் வியாபாரியின் குடோன். அது எப்போதும் பூட்டியே கிடக்கும். பின்பகுதியில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம், கணவனும் மனைவியும் மட்டும். ஒரே மகளைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாடி எங்களுக்கு. கூடம், உள்ளறை, சமையலறை, தண்ணீர் நன்றாக வரும் ஒரு குளியலறை. வீட்டுக்காரர் அங்கே இல்லை. வடக்கு மாசி வீதிப் பக்கம் மகனோடு இருந்தார்.

முதலில் நான் கவனித்தது காலண்டரை. காலையில் ஓடுகிற ஓட்டத்தில் தேதி கிழிக்க நேரம் இருக்காது. சாயங்காலம் வந்து, கைகால் கழுவி, அதன் பிறகுதான் கிழிப்பேன். ஒரு நாள் வந்து பார்த்தால் கிழித்திருந்தது. அவர் கிழித்திருப்பார் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்துக்குப் பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “பரவாயில்லையே, தினம் தேதியெல்லாம் கிழிக்கிறீங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீதான கிழிக்கிற?”

இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு, காற்றுக்குப் பறந்திருக்கும் என்றார். கிழிந்த தாள் ஒன்றுகூட வீட்டில் கிடக்கவில்லை.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. குளியலறைத் தரை, காலையில் நான் குளித்த ஈரம் சாயங்காலம்வரை காயாமல் இருக்க வழியில்லை, ஆனால் ஈரமாக இருந்தது. சுவரைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மண்பானையில் தண்ணீர் இறங்கியிருந்தது. நான் கவிழ்த்து வைத்துப் போன தட்டு, கழுவி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. எதுவும் தொலையவில்லை. பீரோவில் என் சங்கிலி வைத்த இடத்திலேயே இருந்தது. திருடன் வந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். எங்கள் வீட்டில் யாரோ வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மாவிடம் சொன்னேன். 

“உச்சிப் பொழுதுல பூட்டிக் கெடக்குற வீடு ஆகாதுடி” என்றாள் அம்மா. “முன்ன அந்த வீட்டுல யாரு இருந்தாக, என்ன ஆச்சுன்னு விசாரிச்சியா? எலுமிச்சம்பழம் அறுத்து வாசல்ல வையி. வெள்ளிக்கிழம சூடம் சுத்திப் போடு.”

வைத்தேன். சுத்திப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது, வாசலில் வைத்திருந்த எலுமிச்சம்பழத் துண்டுகள் இரண்டையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டு, குங்குமம் பட்ட இடத்தைத் துடைத்திருந்தது. அன்று உள்ளே போகாமல் படியிலேயே அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர் எனக்கு அப்போது ஒரு புதிராக இருந்தார். வீட்டை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. காய்காரர் சந்து வாசலில் நின்று கூப்பிட்டால், நிலையிலிருந்தே கை நீட்டுவார். ஒரு கால் எப்போதும் உள்ளேதான் இருக்கும். ஜவுளிக் கடையில் வேலை பார்த்த அவர் கணவர் வீடு திரும்பிய பிறகும், இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் இருப்பார். ஒருமுறை, கோயிலுக்குப் போகிறேன், வாங்கக்கா என்று கூப்பிட்டேன். மீனாட்சி கோயில் கூப்பிடு தூரம்.

“வீட்டுல ஆள் இருக்கணும்மா” என்றார்.

“பூட்டிட்டு வாங்க. அரை மணி நேரத்துல வந்துரலாம்.”

அவர் பூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ போய்ட்டு வா” என்றார்.

உடம்பில் ஏதோ கோளாறு, அதுதான் வெளியே வரப் பயப்படுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். எலுமிச்சம்பழம் குப்பைக்குப் போன மறுநாள், அவர் வாசலில் நின்று மெல்லக் கேட்டேன். “அக்கா, இந்த வீட்டுல ஏதாச்சும் இருக்கா?”

உள்ளே இருந்த கணவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவரும் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறகு அக்கா என் பக்கம் திரும்பி, “நீ வேலைக்குப் போகாம வீட்டுலயே இருக்க முடியாதா?” என்று கேட்டார்.

“எதுக்குக்கா?”

“சும்மாதான் கேட்டேன்.” கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படியே பயந்து பயந்து நாள் போனது. பகலில் லேப்பில் இருக்கும்போதெல்லாம், ஊசியைக் குத்தி ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, இந்நேரம் நம் வீட்டில் என்ன நடக்கிறதோ என்று நினைப்பேன். வெயில் உச்சிக்கு ஏற ஏற கடிகாரத்தையே பார்ப்பேன்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. லேப் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். ஆட்டோ பிடித்து வந்து, கதவைச் சாத்தி, உள்ளறையில் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். கதவில் பொருத்திய பூட்டு, சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். தாழ்ப்பாள் போடவேண்டும் என்று தோன்றாத அளவுக்குத் தலைவலி.

சாவி திரும்பும் சத்தத்தில் விழித்தேன். அவர்தான் சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கூப்பிட வாய் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளும் சத்தம். குளியலறையில் குழாய் திறந்து, கால் கழுவும் சத்தம். என் கணவர் கால் கழுவினால் வாளியையே கவிழ்த்துவிடுவார். இது நிதானமாக, ஒரு காலுக்கு ஒரு செம்பு. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். சமையலறையில் பாத்திரம் திறந்து மூடும் சத்தம். 

காலண்டர் தாள் கிழிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் காய்ச்சல் உடம்பு சில்லிட்டுப்போனது.

பிறகு ஒரு குரல் படிக்க ஆரம்பித்தது. மெல்லிய குரல். காலண்டர் தாளின் அடியில் போட்டிருப்பதைப் படித்தது. “மேஷம், நன்மை. ரிஷபம், அலைச்சல். மிதுனம், வரவு.” ஒவ்வொன்றையும் படித்து, யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் சற்று நிறுத்தியது. “கன்னி, பொறுமை. துலாம், சுகம்.” என் ராசி துலாம்.

சுவரைப் பிடித்து எழுந்து, அறை வாசலுக்கு வந்தேன். வீட்டுக்காரர் எங்கள் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றி எங்கள் ஆணியில் மாட்டியிருந்தார். பனியனோடு இருந்தார். மடியில் என் தட்டு. நான் காலையில் வைத்துப் போன சோறும் புளிக்குழம்பும். கிராம்பு வாசம்.

திரும்பிப் பார்த்தார். திடுக்கிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

“என்ன தாயி, இன்னைக்கு லீவா?”

 “காய்ச்சல்” என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

“வெயில் அப்பிடி. நெறையத் தண்ணி குடி” என்றார். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி நிமிர்த்தி வைத்தார். சட்டையை மாட்டி, கிழித்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “குழம்புல புளி கொஞ்சம் கூடிருச்சு. அப்பறம், பின்பக்க ஜன்னலச் சாத்தி வைங்க. புறா வருது.” செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தி, வெளியிலிருந்து இன்னொரு முறை சாவியைத் திருப்பிப் பூட்டிவிட்டுப் போனார். நான் உள்ளே நிற்கிறேன் என்று தெரிந்தே.

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. அதுதான் இப்போதும் என்னை உறுத்துவது. அது அவர் குடியிருக்கும் வீடு போலவும், வரக்கூடாத நேரத்தில் நான் வந்து நிற்பது போலவும் இருந்தது. பேய் என்று நினைத்திருந்தபோது பயந்தேன். ஆள் என்று தெரிந்த பிறகு வந்தது பயம் இல்லை. என் சேலை, என் தலையணை, என் அடுப்பு எதையும் தொட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு கை தொட்டிருக்கிறது.

கணவர் சாயங்காலம் கேட்டதும் முதலில், “காய்ச்சல்ல ஏதும் கனாக் கண்டியா?” என்றார். நான் காலண்டரைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் வடக்கு மாசி வீதிக்குப் போனோம். அவர் மகன் வீடு பெரிய வீடு. வீட்டுக்காரர் வராந்தாவில், மூலையில் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தவரை உள்ளேயிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

“ஐயா, நாங்க இல்லாதப்ப வீட்டுக்குள்ள வாரீங்களாம்ல” என்றார் கணவர்.

“ஆமா. தெனம் வாரேன்.”

மறுப்பார் என்று நினைத்துத் தயாரித்து வந்த பேச்சு அதோடு முடிந்துபோனது. கணவர் தடுமாறி, “சொல்லாம வந்தா எப்பிடிங்கய்யா” என்றார்.

“என் வீட்டுக்குப் போக யாருட்டத் தம்பி சொல்லணும்? வாடகைக்கு விட்டுருக்கேன். வித்துப்புடல.”

“பொம்பளப் புள்ள இருக்குற வீடுங்கய்யா.”

“அதான் அவுக இல்லாதப்ப வாரேன்.” அவர் குரல் அப்போதும் உயரவில்லை. “ஒரு சாமான் தொலைஞ்சிருக்கா? ஒரு பொருளு ஒடைஞ்சிருக்கா? போன மாசம் கேஸை மூடாமப் போயிட்டீக. நாந்தான் மூடினேன். வரலைன்னா இன்னைக்கு நீங்க எங்க இருப்பீக?”

எனக்கு அந்த நாள் நினைவு வந்தது. கேஸை மூடினேனா என்று லேப்பில் நாள் முழுக்கப் பதறிய ஒரு நாள் உண்டு. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நீயே சொல் தாயி என்பதுபோல.

சாவியைக் கேட்டோம். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. தருகிறேன் என்றும் சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள் என்றார்.

அன்றைக்கே பூட்டை மாற்றினோம். அதற்கு அடுத்த இரண்டு நாட்கள் காலண்டர் கிழியவில்லை. குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாடிப்படி திரும்பியதும் நின்றுவிட்டேன். கதவு இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கூடம் தெரிந்தது. சுவரில் மாட்டிய எங்கள் கல்யாணப் போட்டோ, கொடியில் கிடந்த துண்டு, எல்லாம் படியிலிருந்தே தெரிந்தன. கதவைக் காணோம். உடைத்த அடையாளம் இல்லை. கீலைப் பக்குவமாகக் கழற்றி எடுத்திருந்தார்கள். நாங்கள் போட்ட புதுப் பூட்டு மேசைமேல் இருந்தது. அதன் திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார்கள். வேலை செய்த மரத்தூளைக் கூட்டிப் பெருக்கிவிட்டும் போயிருந்தார்கள்.

போன் செய்தோம். “அடியில செல்லு அரிச்சுருந்துச்சு தம்பி. ஆசாரிகிட்டக் குடுத்துருக்கேன்” என்றார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டையா பொறுமையாகத்தான் கேட்டார். ஏதாவது திருடு போனதா? இல்லை. அடித்தாரா? இல்லை. கெட்ட வார்த்தை பேசினாரா? அதுவும் இல்லை. “வீட்டுக்காரர் கதவ ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனாருன்னு நான் என்ன கேஸ் எழுதுறது? பேசி முடிச்சுக்கங்க. இல்லாட்டி வேற வீடு பாருங்க” என்றார்.

கதவில்லாத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நிலையில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டோம். காற்றில் அது உள்ளே உப்பும், வெளியே உப்பும். சோறு தின்னும்போது ஒரு கண் அதன்மேலேயே இருக்கும். சேலை மாற்ற உள்ளறைக்குப் போனால், அவர் கூடத்தில் காவல் நிற்பார். வீட்டை விட்டு இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்ப முடியவில்லை. முதலில் அவர் லீவு போட்டார். கம்பெனியில் முணுமுணுக்க ஆரம்பித்ததும் நான் போட்டேன்.

முதல் நாள் பகலில் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தபோது படியில் காலடி கேட்டது. அதே நிதானம். வீட்டுக்காரர் பாதிப் படி ஏறி, என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் நாலைந்து படிகள்தான்.

“கதவு எப்ப வரும் ஐயா?”

“ஆசாரிகிட்டக் கெடக்கு தாயி.”

 அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, போர்வை விலகித் தெரிந்த கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பந்தி எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி. ரொம்ப நேரம் கழித்து, “கொஞ்சம் தண்ணி குடு தாயி” என்றார்.

தண்ணீர் கேட்பவருக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்து நிறுத்தினார்.

“பானைய மாத்திட்டீகளா?”

பழைய பானை விரிசல் விட்டதால் முந்தின வாரம்தான் மாற்றியிருந்தேன். அவர் செம்பைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனார். 

தினமும் வந்தார். தினமும் அந்தப் படியில் உட்கார்ந்தார். நான் எழுந்து போகமாட்டேனா என்று அவர் காத்திருப்பதாகத் தோன்றும். குளியலறைக்குப் போகக்கூட எழ முடியாது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பகலில், காய்காரர் சந்து வாசலில் நின்று கூப்பிட்டார். நான் படியிறங்காமல், மாடியிலிருந்தே கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கீழே அக்கா, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, கை நீட்டிக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவராக ஆகிக்கொண்டிருக்கிறேன் என்றும் விளங்கியது.

அன்று சாயங்காலம் கணவர் வந்ததும் கீழே போனேன். “அக்கா, உங்க வீட்டுக்கும் வருவாரா?”

அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். “நாங்க மொதல்ல மாடியிலதான் இருந்தோம். அப்ப நானும் வேலைக்குப் போனேன். என் மக பாவாடைய மடிச்சு வச்சுருப்பாரு. நான் மடிக்கிற மாதிரியே இருக்காது. அதைப் பாத்துட்டு வேலைய விட்டேன். கீழ வீடு காலியானதும் இங்க வந்துட்டோம். ஆள் இருந்தா வரமாட்டாரு. அதனால ஆள் இருக்கோம்.”

“எம்புட்டு வருஷமா?”

“மக கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் போகணும்ல, அன்னைக்குப் போனோம். அன்னைக்கு வந்துருக்காரு. சாமி படத்துக்குப் பூ மாத்தியிருந்துச்சு.” அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். “உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். இவரு வேணாம்னுட்டாரு. எங்களையும் கெளப்பிவிட்டா எங்க போறது? அட்வான்ஸ அவரு திருப்பிக் குடுத்ததா சரித்திரமே இல்ல. இந்த வயசுல யாரு எங்களுக்கு வீடு தருவா?”

நான் மாடிக்குத் திரும்பிப் போனேன். 

மறுநாள் உச்சிப் பொழுதில் வீட்டுக்காரர் வழக்கம்போல் வந்து படியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாத்தும் சத்தம் கேட்கவில்லை. அக்கா படியேறி வந்தார். உட்கார்ந்திருந்த அவரைச் சுவரோரமாக ஒதுங்கிக் கடந்து வந்து, என் பக்கத்தில் நிலைப்படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை நனைந்திருந்தது.

“ஐயா” என்றார். “எங்க வீடு தொறந்துதான் கெடக்கு. உள்ள யாரும் இல்ல. போய்ப் பாத்துட்டு வாங்க.”

அவர் முதல்முறையாகத் தடுமாறினார். எழுந்து மெல்ல இறங்கினார். மாடிச் சுவரின் மேலாக நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்தோம். அவர் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு விரியத் திறந்திருந்தது. அடுப்பில் பருப்பு கொதிக்கும் வாசம் மேலேவரை வந்தது. பூட்டிய வீடுகளுக்குள் அத்தனை வருஷம் போய்வந்தவர், திறந்த வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலைத் தூக்கி நிலைப்படிமேல் வைத்தார். எடுத்துவிட்டார். தலையை நிமிர்த்தி, நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வெயில் அவர் வழுக்கைத் தலையில் விழுந்தது. சட்டைப் பையைத் தடவினார். பிறகு சந்தில் இறங்கிப் போனார்.

அக்கா உடனே எழுந்து ஓடவில்லை. வெகுநேரம் என்னோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் படியேறி வரவில்லை. கதவும் வரவில்லை. நாங்கள் வேறு வீடு தேடினோம். ஒத்தக்கடையைத் தாண்டி, திருவாதவூர் போகிற வழியில், வயலுக்கு நடுவே புதிதாகக் கட்டிய வீடு ஒன்று கிடைத்தது. அந்த வீட்டுக்காரம்மா எல்லாக் கேள்வியும் கேட்டார், கறியிலிருந்து சாதிவரை. அதுவும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் சாவி இரண்டையும் முதல் நாளே கையில் கொடுத்துவிட்டார். சாமான் ஏற்றிய நாளில் அக்கா தன் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு குட்டி யானையில் ஏறி, புது வீடுவரை வந்தார். பாலைக் காய்ச்சி முதல் டம்ளரை அவருக்குத்தான் கொடுத்தேன்.

மாடியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரிடமும் அக்கா விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். யாரும் குடி வரவில்லை. கதவை மட்டும் ஆசாரி கொண்டுவந்து மாட்டிவிட்டாராம். “அவரு வாராராக்கா?” என்று போனில் கேட்டேன்.

“வாரதே இல்ல” என்றார். “காலி வீட்டுக்கு அவரு வரமாட்டாரு போல.”

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். லேப்பில் காலைக் கூட்டத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டேன். வெள்ளை அரைக்கைச் சட்டையோடு அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை நீட்டினார். மெலிந்திருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். கிராம்பு வாசம் வந்தது. மாஸ்க்கைக் கழற்றினேன். அவர் என்னை நன்றாகப் பார்க்கும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “ஐயா, என்னைத் தெரியுதா?” என்றேன்.

உற்றுப் பார்த்தார். நடிக்கவில்லை. கண்ணில் ஒன்றுமே இல்லை.

“தெரியலயே தாயி. எந்த ஊரு?”

என் குழம்பில் புளி எவ்வளவு, என் பானைத் தண்ணீர் என்ன ருசி என்றெல்லாம் தெரிந்தவருக்கு என் முகம் தெரியவில்லை. அவ்வளவு மாதமும் அவர் எங்களைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. நரம்பைத் தேடி ஊசியைக் குத்தினேன்.  ரத்தம் எல்லாருக்கும் வருவதுபோலத்தான் வந்தது. பஞ்சை வைத்து, மடக்கிப் பிடிச்சுக்கங்க என்றேன். எழுந்து போனார்.

மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். “சரி விடு” என்றார். பிறகு, மகளுக்கு ஏழாம் மாசம் நடக்கிறதென்றும், வளைகாப்புக்குப் பரமக்குடி போகிறோம் என்றும் சொன்னார். “ரெண்டு பேரும்தான் போறோம். ஒரு வாரம் இருந்துட்டு வாரோம்” என்றார்.